ஆண்டாய்வு அன்று வந்த காய்ச்சல்

ஓடைக்கரையில் ஒரு பெரிய மருத மரம். அதன் அடியில் காட்டுக் குட்டிகளுக்கு ஓர் ஆரம்பப் பள்ளி. முயல், மான், முள்ளம்பன்றி, காட்டுக்கோழி, காட்டுப்பன்றி என்று எல்லா வீட்டுப் பிள்ளைகளும் அங்கேதான் படித்தார்கள். கொம்பையா என்கிற மிளா மான் தலைமை ஆசிரியர். அந்தக் காட்டிலேயே அகலமான கொம்பு அவருடையதுதான். பாடம் நடத்துவது மைனா டீச்சர். எந்தக் குரலைக் கேட்டாலும் அதை அப்படியே திருப்பிச் சொல்லிக் காட்ட அவளுக்கு வரும்.

ஒரு கோடையில் செந்நாய்கள் வந்தன. மேட்டிலிருந்து ஆள்காட்டிப் பறவை கத்திக் கத்தி எச்சரித்தது. அது எதற்குக் கத்துகிறது என்று பள்ளிப் பிள்ளைகளுக்குத் தெரியவில்லை. ஓடையில் இறங்கியிருந்தால் செந்நாய் அவ்வளவு சுலபமாகக் கிட்டே வந்திருக்காது. பிள்ளைகளோ பயந்துபோய்ப் புதருக்குள் ஓடினார்கள். கரும்பாயி என்கிற காட்டுப்பன்றியின் மகள் பேச்சி அன்று வீடு திரும்பவில்லை.

மழைக்குப் பிறகு பள்ளி திறந்ததும் கொம்பையா பெற்றோரை எல்லாம் கூட்டினார். வருஷத்துக்கு ஓர் இலக்கு வைத்து, வருஷ முடிவில் அதை எட்டினோமா என்று பார்ப்பது அந்தப் பள்ளியின் வழக்கம். முந்தின வருஷம் மரத்தடியைச் சுத்தமாக வைத்துக்கொள்வது என்று வைத்திருந்தார்கள். இந்த வருஷம் வேறு பேச்சே எழவில்லை. மூன்று எச்சரிக்கைக் குரல்களையும் பிள்ளைகள் படித்தே ஆக வேண்டும் என்று முடிவானது. மந்தி கத்தினால் சிறுத்தை வருகிறது. புதரை விட்டு வெட்டவெளிக்கு ஓடி வந்துவிட வேண்டும். ஆள்காட்டி கத்தினால் செந்நாய். தண்ணீரில் இறங்க வேண்டும். கரிச்சான் குருவி கத்தினால் கழுகு. புதருக்குள் நுழைந்துகொள்ள வேண்டும்.

"எல்லாப் பிள்ளைகளும் படிக்கணும். ஒரு பிள்ளைகூட விட்டுப்போகக் கூடாது" என்றார் கொம்பையா. கரும்பாயியைப் பார்த்தேதான் அதைச் சொன்னார்.

கரும்பாயி தலையைக் குனிந்துகொண்டாள். மிச்சம் இருப்பவன் மகன் சடையன் ஒருவன்தான். அவனாவது பிழைத்துக்கொள்வான் என்று அவளுக்கு ஓர் ஆறுதல்.

மைனா டீச்சர் நன்றாகத்தான் தொடங்கினாள். மரத்துக்குப் பின்னால் மறைந்துகொண்டு குரல் கொடுப்பாள். பிள்ளைகள் அந்தக் குரலுக்கு ஏற்ற இடத்துக்கு ஓட வேண்டும். சில பிள்ளைகள் சட்டென்று பிடித்துக்கொண்டார்கள். சிலருக்கு நாளானது. சடையனுக்கு ஆள்காட்டியும் கரிச்சானும் ஒன்றுபோலவே கேட்டன. முள்ளம்பன்றிக் குட்டி சரியாகச் சொல்லும், ஆனால் வெகுநேரம் யோசிக்கும். காது மடங்கிய முயல்குட்டிக்குத் தூரத்துக் குரல் சரியாகக் கேட்காது. இந்தப் பிள்ளைகளைத் தனியாக உட்காரவைத்து இன்னும் கொஞ்ச நாள் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்று மைனா டீச்சர் கேட்டாள்.

கொம்பையாவின் கவலை வேறாக இருந்தது. யானைக் கூட்டத்தின் தலைவி பெரியநாயகி வருஷத்துக்கு ஒருமுறை காட்டுப் பள்ளிகளை ஆய்வு செய்ய வருவாள். இலக்கை எட்டிய பள்ளியின் தலைமை ஆசிரியருக்குப் பூங்கொடி சூட்டிவிட்டுப் போவாள். மலைக்கு அந்தப் பக்கத்துப் பள்ளிக்கு அந்தக் கொடி ஏற்கெனவே கிடைத்திருந்தது. இவ்வளவு அகலமான கொம்பு வெறுமையாக இருக்கிறதே என்பதுதான் கொம்பையாவுக்கு உறுத்தல்.

அதனால் பாடம் கொஞ்சம் கொஞ்சமாக மாறியது. பிள்ளைகள் கண்டபடி ஓடினால் தூசி கிளம்புகிறது, பார்க்க ஒழுங்காக இல்லை என்று ஓட்டத்தை நிறுத்தினார். வரிசையில் நின்று ஒரே குரலில் பதில் சொன்னால் போதும் என்றார். பிறகு, குரல்களை மாற்றி மாற்றிக் கொடுப்பதால்தான் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள் என்றார். முதலில் மந்தி, அடுத்தது ஆள்காட்டி, கடைசியில் கரிச்சான். எப்போதும் அந்த வரிசைதான். பிள்ளைகள் குரலைக் கவனிப்பதை விட்டுவிட்டு வரிசையை மனப்பாடம் செய்தார்கள். பதில் கணீரென்று வந்தது. பெற்றோர் கேட்டுப் பூரித்தார்கள். மைனா டீச்சருக்கு மட்டும் அது பிடிக்கவில்லை. பிடிக்கவில்லை என்று வாயைத் திறந்து சொல்ல அவளுக்குத் துணிச்சலும் இல்லை.

இத்தனைக்குப் பிறகும் அந்த மூன்று பிள்ளைகளும் அவ்வப்போது திணறினார்கள். ஆண்டாய்வுக்கு முந்தின நாள் கொம்பையா கரும்பாயி வீட்டுக்கே வந்துவிட்டார். வெகு மரியாதையாகப் பேசினார். சடையன் நல்ல பிள்ளை என்றார், அடுத்த வருஷம் கண்டிப்பாகத் தேறிவிடுவான் என்றார். கடைசியில் விஷயத்துக்கு வந்தார்.

"நாளைக்கு ஒரு நாள் மட்டும் அவனை வீட்டிலேயே வெச்சுக்கோம்மா. கேட்டால் காய்ச்சல்னு சொல்லிக்கலாம்."

"அவனுக்கு ஒண்ணும் இல்லீங்களே ஐயா. நல்லாத்தானே இருக்கான்" என்றாள் கரும்பாயி. அவளுக்கு முதலில் புரியவில்லை.

கொம்பையா பொறுமையாக விளக்கினார். ஒரு பிள்ளை தடுமாறினால் மொத்தப் பள்ளிக்கும் கெட்ட பெயர். மற்றப் பிள்ளைகளின் உழைப்பெல்லாம் வீண். உன் ஒரு பிள்ளைக்காக எல்லோரும் தலைகுனிய வேண்டுமா என்று கேட்டார். பதிலுக்குக் காத்திராமல் கொம்பைத் தூக்கிக்கொண்டு நடந்துவிட்டார்.

கரும்பாயிக்கு அப்போதுதான் எல்லாம் புரிந்தது. எந்தப் பிள்ளையின் சாவைச் சொல்லி இந்த இலக்கை வைத்தார்களோ, அந்தப் பிள்ளையின் தம்பியைத்தான் இப்போது ஒளித்துவைக்கச் சொல்கிறார்கள். பக்கத்தில் நின்றிருந்த சடையன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டான். நான் போகாமல் இருந்தால் பள்ளிக்கூடத்துக்கு நல்லதா அம்மா என்று கேட்டான்.

மறுநாள் காலை அவனைக் கழுவிவிட்டு, கூட்டிக்கொண்டு கிளம்பினாள். மற்றப் பிள்ளைகளும் குரலைக் கேட்பதில்லை, வரிசையைத்தான் மனப்பாடம் செய்திருக்கிறார்கள் என்று நடந்துகொண்டே சடையன் சொன்னான். வழியில் முள்ளம்பன்றி வளை. வாசலில் குட்டி உட்கார்ந்திருந்தது. ஏன் பள்ளிக்குக் கிளம்பவில்லை என்று கேட்டதற்கு, அதன் அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு, பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாள். இன்னும் சற்றுத் தூரத்தில் முயல் வளை. அங்கேயும் காய்ச்சல்.

கரும்பாயி அப்படியே நின்றாள். கொம்பையா ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனியாகப் போயிருக்கிறார். தன் பிள்ளை ஒன்றுதான் மக்கு என்று நினைத்து ஒவ்வொரு தாயும் வெட்கப்பட்டு வெளியே சொல்லாமல் இருந்திருக்கிறாள். கரும்பாயி நடந்ததைச் சொன்னாள். முயல் தாய் அழுதுவிட்டாள். முள்ளம்பன்றித் தாய்க்கு அழுகை வரவில்லை. அவளுடைய முட்கள் எல்லாம் சிலிர்த்துக்கொண்டு நின்றன. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மூவருமாக நடந்தார்கள்.

மருத மரத்தடியில் ஆய்வு தொடங்கியிருந்தது. பெற்றோர் சுற்றிலும் நின்றார்கள். பெரியநாயகி நடுவில் நின்று காதை அசைத்துக்கொண்டிருந்தாள். மைனா டீச்சர் மூன்று குரல்களையும் வரிசையாகக் கொடுத்து முடித்தாள். பிள்ளைகள் ஒரு பிசிறில்லாமல் பதில் சொன்னார்கள். பள்ளியில் எல்லாப் பிள்ளைகளும் இலக்கை எட்டிவிட்டதாகக் கொம்பையா அறிவித்தார். பெரியநாயகி கொடியைத் துதிக்கையில் எடுத்துவிட்டாள்.

அந்த நேரத்தில்தான் தாய்மார்கள் வந்து சேர்ந்தார்கள். கொம்பையா ஓடி வந்து வழியை மறித்தார். காய்ச்சல் பிள்ளைகளைக் கூட்டத்துக்குள் அழைத்து வரலாமா என்று சத்தமாகக் கேட்டார்.

கரும்பாயி அவரைத் தாண்டிப் போய் யானையின் முன்னால் நின்றாள்.

"அம்மா, இந்தப் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் இல்லை. இவங்களுக்குப் பாடம் வரலை. பாடம் வராத பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கத்தானே பள்ளிக்கூடம்? ஒளிச்சு வைக்கிறதுக்கா? வரிசையில நிக்கிற பிள்ளைகளுக்கும் ஒண்ணும் தெரியாது. குரலை மாத்திக் குடுக்கச் சொல்லிப் பாருங்க."

பெற்றோர் கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. நல்ல நாளில் இவள் ஏன் வந்து கெடுக்கிறாள் என்றார்கள். மகளைப் பறிகொடுத்ததிலிருந்து இவளுக்குப் புத்தி சரியில்லை என்று ஒரு மான் சொன்னது. அது கரும்பாயியின் காதில் விழுந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

பெரியநாயகி கொடியைத் தரையில் வைத்தாள். குரலை மாற்றிக் கொடுக்கும்படி மைனா டீச்சரிடம் சொன்னாள். மைனா டீச்சர் கொம்பையாவைப் பார்த்தாள். பிறகு, பல நாளாக நெஞ்சில் கிடந்த பாரத்தை இறக்குகிறவள்போல, கரிச்சான் குரலை எடுத்து முதலில் கொடுத்தாள்.

"மந்தி, சிறுத்தை, வெட்டவெளி" என்று பிள்ளைகள் கணீரென்று சொன்னார்கள்.

டீச்சர் கொடுத்ததோ கரிச்சான் குரல். அது கழுகு வரும்போது கேட்கிற குரல். கழுகு வரும் நேரத்தில் வெட்டவெளிக்கு வருவோம் என்று அத்தனை பிள்ளைகளும் ஒரே குரலில் சொல்லி நின்றார்கள்.

அப்போதும் பெற்றோருக்குக் கோபம் கொம்பையா மேல் வரவில்லை. நம் பள்ளியின் மானத்தை வாங்கிவிட்டாயே என்று கரும்பாயியைத்தான் சூழ்ந்துகொண்டார்கள். கொம்பையாவும் சேர்ந்துகொண்டார். வருஷம் முழுக்கப் பாடுபட்டதை இவள் ஒரு நிமிஷத்தில் கெடுத்துவிட்டாள் என்றார்.

இந்தக் கூச்சலுக்கு நடுவே மேட்டு மரத்திலிருந்து ஒரு குரல் கேட்டது. மந்தியின் குரல். அது மைனா டீச்சர் கொடுத்ததில்லை. நிஜமான மந்தி, கிளையை உலுக்கிக்கொண்டு கத்தியது.

பெரியவர்கள் எல்லோரும் அந்த நொடியே வெட்டவெளிக்குப் பாய்ந்தார்கள்; மூன்று தாய்மாரும் பக்கத்தில் நின்ற தங்கள் பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு பாய்ந்தார்கள். பாய்ந்த பிறகுதான் திரும்பிப் பார்த்தார்கள். வரிசையில் நின்ற பிள்ளைகள் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. ஆய்வு இன்னும் நடக்கிறது என்று நினைத்து, வரிசை கலையாமல் புதரோரம் நின்றார்கள். முதல் கேள்விக்குப் பதில் சொல்லியாயிற்று, இது இரண்டாவது கேள்வி.

"ஆள்காட்டி, செந்நாய், தண்ணீர்" என்று சொல்லிவிட்டு, டீச்சர் பாராட்டுவாள் என்று முகத்தைப் பார்த்தார்கள்.

அவர்களுக்குப் பின்னால் புதர் அசைந்தது. மஞ்சள் தோலும் கரும்புள்ளியும் தெரிந்தன. தாய்மார்கள் அலறினார்கள். அத்தனை பேர் அலறியும் பிள்ளைகளுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று முதலில் பழகியதெல்லாம் எப்போதோ மறந்துபோயிருந்ததே!

பெரியநாயகி பிளிறிக்கொண்டு பாய்ந்தாள். பிள்ளைகளின் தலைக்கு மேலாகத் துதிக்கையை நீட்டிப் புதரை அடித்து நொறுக்கினாள். சிறுத்தை பின்வாங்கி மேட்டுப்பக்கம் ஓடி மறைந்தது. வரிசையின் ஓரத்தில் நின்ற மான்குட்டியின் முதுகில் நகம் கீறிய கோடு ஒன்று ரத்தமாக நின்றது. கரும்பாயியைப் பார்த்துப் புத்தி சரியில்லை என்று சொன்ன மானின் குட்டிதான் அது. அந்தத் தாய் குட்டியை நக்கிக்கொண்டே தேம்பினாள். கரும்பாயி அவள் அருகில் போய் நின்றாள்.

பெரியநாயகிக்கு மூச்சு இரைத்தது. நான் வருஷத்தில் ஒரு நாள்தான் இங்கே இருப்பேன், மற்ற நாளெல்லாம் இந்தப் பிள்ளைகளுக்கு யார் இருக்கிறார்கள் என்று கொம்பையாவைக் கேட்டாள். இனி ஆய்வுக்கு நாள் குறிக்கப் போவதில்லை, நினைத்த நேரத்தில் வருவேன், வந்ததும் கடைசியாக நிற்கும் பிள்ளையைத்தான் முதலில் கேட்பேன் என்று சொல்லிவிட்டு, தரையில் கிடந்த கொடியை மிதித்துக்கொண்டு நடந்தாள்.

இப்போது பெற்றோரின் கோபம் கொம்பையா பக்கம் திரும்பியது. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, நடந்தது நடந்துவிட்டது, வரும் வருஷத்துக்கு இதைவிடப் பெரியதாக ஒரு புது இலக்கு வைத்துவிடலாம் என்று தொடங்கினார்.

"புதுசு ஒண்ணும் வேண்டாம் ஐயா" என்றாள் கரும்பாயி. "வெச்சீங்களே, அதைச் சொல்லிக் குடுங்க. இன்னைக்கே ஆரம்பிங்க. என் பிள்ளைகிட்டேருந்து ஆரம்பிங்க."

மைனா டீச்சர் மரத்துக்குப் பின்னால் பறந்து போனாள். பெற்றோர் எல்லோரும் பார்க்க, கொம்பையா சடையன் பக்கத்தில் போய் நின்றார். ஆள்காட்டிக் குரல் கேட்டது. சடையன் தப்பாகப் புதர்ப்பக்கம் ஓடினான். கொம்பையா அவன் பின்னாலேயே ஓடி, திருப்பிக் கூட்டி வந்து, ஓடையில் தானும் இறங்கிக் காட்டினார். மறுபடி குரல் கேட்டது. சடையன் மறுபடி தவறினான். கொம்பையா மறுபடி ஓடினார். பொழுது சாயும் வரை ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை.

எந்தப் பிள்ளைக்காக இலக்கு வைத்தோமோ அந்தப் பிள்ளையை வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டு இலக்கை எட்டிவிட்டோம் என்று சொல்வது வெற்றி அல்ல, அந்தப் பிள்ளைக்குச் செய்கிற துரோகம்.