துருவைக் கூப்பிட்ட தாய்

மலைமேல் ஒரு மடம். அதன் குரு மங்கையம்மை. சீடர் சடகோபனுக்கு அந்தக் குருவின் அப்பா வயது. வேலையில் ஓய்வுபெற்று வந்து சேர்ந்தவர். எல்லாவற்றிலும் அடக்கம்தான்; நாற்று விஷயத்தில் மட்டும் யார் பேச்சும் காதில் ஏறாது.

அந்த மலைக்கே உரிய ஊசியிலை மரங்களை, இரும்புத் துரு நிறத்தில் தூளாகப் படியும் பூஞ்சையான துரு நோய் தின்று தீர்த்திருந்தது. மொட்டைச் சரிவு ஒரு மழையில் இளகி, கீழே ஊருக்குள் இறங்கியும் விட்டது. மறுபடி காடாக்கியே தீருவது என்று சடகோபன் கிளம்பினார்.

பட்ட மரங்களுக்கு நடுவே தப்பி நின்ற சிலவற்றில் காய் பறித்து விதைத்தார். பாத்தி கொள்ளாமல் நாற்று வந்தது.

“பாருங்கம்மா! இந்த மழைக்கே நட்டுடலாம்.”

“இதுல எது பிழைக்கும், ஐயா?”

“எல்லாமேதான். தாய் மரம் தப்பிச்சதாச்சே.”

“தாய் தப்பிச்சா பிள்ளைங்க எல்லாம் தப்பிச்சுடுமா?”

சடகோபன் பூவாளியை எடுத்துக்கொண்டு அடுத்த பாத்திக்குப் போனார்.

மறுநாள் மங்கையம்மை காட்டிலிருந்து ஒரு கட்டுப் புதர்க்கிளை சுமந்து வந்தார். இலையெல்லாம் துரு. அந்தப் புதரிலிருந்துதான் நோய் மரத்துக்குப் போகும். கிளைகளை நாற்றுகளுக்கு மேலே தொங்கவிட்டு, ஈரச் சாக்கால் பாத்திகளை மூடினார்.

சடகோபன் பதறி ஓடிவந்தார். “என்னம்மா பண்றீங்க? வளர்த்த பிள்ளைக்கு யாராவது விஷம் வைப்பாங்களா?”

“சரிவுல இது காத்துக்கிட்டுதானே இருக்கு? இங்கேயே வந்து பார்க்கட்டும்.”

அன்று சடகோபன் சாப்பிடவில்லை. அதற்குப் பிறகு குருவோடு பேசவுமில்லை. தண்ணீர் ஊற்றுவதை மட்டும் நிறுத்தவில்லை.

நாற்றுகள் ஒவ்வொன்றாகப் பழுத்துக் காய்ந்தன. தன் கையாலேயே பிடுங்கிப் போட்டார். அழுதார். இரண்டாம் வருஷம் முடிந்தபோது ஒரு கூடைக்குள் அடங்கும் நாற்றுகள்தான் மிச்சம். தண்டில் தழும்பு, அதற்கு மேலே புதுத் துளிர்.

கூடையோடு குருவிடம் வந்தார். “இதையாவது சரிவுல நடலாமாம்மா?”

“வேண்டாம். மடத்துத் தோட்டத்துல நடுங்க. தப்பிச்ச ஒண்ணோட மகரந்தம் தப்பிச்ச இன்னொண்ணுக்கே போகட்டும். இதுங்க குடுக்கிற விதைதான் மலைக்கு. அதுவரைக்கும் சரிவு மண்ணைப் புல் பிடிச்சுக்கும்.”

“எப்பக் காய்க்கும்?”

“இருபது வருஷம் ஆகும்.”

சடகோபன் சிரித்துவிட்டார். “அப்ப நான் இருக்க மாட்டேனே!”

மங்கையம்மை ஒரு நாற்றை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

“துரு இருக்கும், ஐயா. இதுவும் இருக்கும். குழியைத் தோண்டுங்க.”