ஒரே பதிப்பு என்ற விதி

பேச்சியம்மாளிடம் பாடம் கேட்க வந்தவர்களில் சாலமோன்தான் வயதில் மூத்தவர். தொலைபேசி இணைப்பகத்தில் வேலை பார்த்து, விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வந்தவர். பேச்சியம்மாளுக்கு அவரைவிட இருபது வயதாவது குறைவு. பாளையங்கோட்டையில் ஒரு மாடி அறையில் இருந்துகொண்டு, தன்னார்வலர் குழு ஒன்றைச் சேர்த்து, 'கடம்பு' என்ற லினக்ஸ் இயங்குதளத்தை உருவாக்கிப் பள்ளிகளுக்கும் நூலகங்களுக்கும் இலவசமாகத் தந்துகொண்டிருந்தார். சாலமோன் அவரை டீச்சர் என்பார். டீச்சர் அவரை அண்ணாச்சி என்பார்.

அந்த ஆவணியில் சாலமோனிடம் ஒரு பொறுப்பு வந்தது.

கணினியில் சத்தம் எழுப்பும் நிரல்கள் எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு நிரல் இருக்கிறது. பாட்டு, வீடியோ, எல்லாம் அதன் மேல்தான் நிற்கும். அதில் ஓட்டை ஒன்றைக் கண்டுபிடித்திருந்தார்கள். விவரம் தெரிந்தவன் அதன் வழியே நுழைந்தால் கணினியே அவன் கைக்குப் போய்விடும். ஓட்டையை அடைத்த புதிய பதிப்பு வந்ததும், மேலே நிற்கும் நிரல்களை அதற்குத் தோதாகச் சாலமோன் ஒவ்வொன்றாகச் சரிசெய்தார்.

ஒன்று மட்டும் மசியவில்லை. தமிழ் எழுத்தைச் சத்தமாக வாசித்துக் காட்டும் நிரல் அது. எழுதியவர் தென்காசிப் பக்கம் இருக்கும் தாயப்பன். புதிய பதிப்பை ஏற்றினால் அந்த நிரல் ஊமையாகிவிடும். பழையதிலேயே இருந்தால் எல்லாருக்கும் ஆபத்து. இரண்டையும் சேர்த்து வைக்கவும் வழியில்லை. அடி நிரலுக்கு ஒரே பதிப்புதான் என்பது டீச்சரே எழுதிய விதி. இரண்டு இருந்தால் வருகிற ஒவ்வொரு ஓட்டையையும் இரண்டு முறை அடைக்க வேண்டும். என்றாவது ஒன்று விட்டுப்போகும்.

குழுவில் நெருக்கினார்கள். ஒன்றுக்காக எத்தனை பேர் காத்திருப்பது என்று கேட்டார்கள்.

"அந்த ஒண்ணைத் தூக்கிரப் போறேன் டீச்சர்," என்றார் சாலமோன்.

"சரி."

"வேண்டாம்னு சொல்லுவீங்கன்னு நினைச்சேன். சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன்."

"பொறுப்பு உங்களோடது. தாயப்பன்கிட்ட பேசிட்டீங்களா?"

"மெயில் போட்டேன்."

டீச்சர் தன் செல்போனில் எண்ணைப் போட்டு அவர் கையில் கொடுத்தார்.

அந்தப் பக்கம் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. சாலமோன் சுற்றி வளைக்காமல் விஷயத்தைச் சொன்னார்.

"எடுத்துக்கோங்க," என்றார் தாயப்பன். "நான் கெஞ்சப் போறதில்ல. புதுசுக்கு மாத்த எனக்கு ரெண்டு மூணு மாசம் ஆகும். அதுவரை நிக்க உங்களால முடியாது, அது புரியுது. எடுக்கறதுக்கு முன்னால அறிவிப்பு போடுவீங்கள்லா?"

"கண்டிப்பா. கணினியைத் திறந்ததுமே திரையில வரும்."

"எனக்குக் கண்ணு தெரியாது சார். இதை வச்சிருக்கவங்கள்ல முக்காவாசிப் பேருக்குத் தெரியாது. அந்த அறிவிப்பையும் என் நிரல்தான் வாசிக்கும். நல்லாவே வாசிக்கும். மறுநாள்லேருந்து எது வாசிக்கும்னு அதுலயே எழுதிருங்க."

மிக்ஸி நின்றது. சாலமோன் தாயப்பனோடு ஒரு வருடமாக மெயிலில் பேசுகிறார். இதை அவர் அறிந்திருக்கவில்லை.

போனைத் திருப்பிக் கொடுத்தார். டீச்சர் தன் வேலையைப் பார்த்தார்.

சாலமோன் வீட்டுக்குப் போய்ப் புதிய பதிப்பைப் பிரித்துப் போட்டார். ஓட்டையை அடைத்த வரிகளை மட்டும் எடுத்துப் பழையதில் பொருத்தினார். முதலில் கணினி எழுந்திருக்கவே இல்லை. அடுத்து, குரல் கீச்சென்று வந்தது. தாயப்பன் போனிலேயே காதைக் கொடுத்து எங்கே இடிக்கிறது என்று சொன்னார். கடைசியில் வாசித்தது. பழைய பதிப்புக்கு வேறு பெயர் வைத்து, தாயப்பனின் நிரலுக்கு மட்டும் அடியில் போட்டார். மற்றவற்றுக்குப் புதியதை வைத்தார். அப்படியே வெளியிட்டுவிட்டார்.

குழு கொதித்தது. விதியை மீற இவர் யார் என்று ஒருவர் எழுதினார். நேற்று வந்தவர் என்றார் இன்னொருவர்.

'நான்தான் மீறினேன்,' என்று சாலமோன் பதில் எழுதினார். 'பழையதில் இனி ஓட்டை வந்தால் நானே அடைப்பேன். அதைத் தூக்குவதானால் என்னையும் சேர்த்துத் தூக்குங்கள்.'

பிறகு மாடிப்படி ஏறி டீச்சர் முன்னால் போய் நின்றார்.

"மன்னிப்புக் கேட்க வரலை."

"தெரியும். ஏத்திப் பார்த்தேன். நல்லா வாசிக்குது."

"அப்ப அந்த விதியை மாத்திருங்க டீச்சர். தேவைப்பட்டா ரெண்டு பதிப்பு வச்சுக்கலாம்னு எழுதிருங்க. அடுத்து வர்றவங்களாவது என்னை மாதிரி ஏச்சு வாங்காம இருக்கட்டும்."

டீச்சர் அவரை உட்காரச் சொன்னார்.

"மாத்த மாட்டேன் அண்ணாச்சி," என்றார். "ஏச்சு வாங்கினாலும் பரவாயில்லைன்னு தோணுற அன்னைக்கு, அவங்களும் மீறட்டும்."