டெர்மினல் எது?

ரோஸ்மலர் நர்ஸுக்கு வெளிநாடு போக ஆசை. அதற்கு ஆங்கிலப் பரீட்சை எழுத வேண்டும். சின்ன வார்த்தை போதாது, பெரிய வார்த்தையாகப் பேசினால்தான் மார்க் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். ட்யூட்டி முடிந்ததும் நீலாவதி டீச்சர் வீட்டுக்கு ஓடுவாள். இரண்டு பேருக்கும் ஏறக்குறைய ஒரே வயசுதான்.

அன்று மழை பிடித்துக்கொண்டிருந்தது.

"டீச்சர், குடுத்த வார்த்தையெல்லாம் மனப்பாடம்."

"அகராதியையே முழுங்கிட்டே போல."

"கேலி பண்ணாதீங்க. புழங்கத் தெரிஞ்சிடுச்சான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

"இன்னிக்கு எதைப் புழங்கினே?"

"டெர்மினல். இனி பிழைக்க வழியில்லைன்னு அர்த்தம். ஐசியு வாசல்ல ஒரு அம்மா, வீட்டுக்காரர் எப்படி இருக்கார்னு கேட்டாங்க. 'அவர் டெர்மினல்மா'ன்னேன். பதறவே இல்லை டீச்சர். கும்பிட்டுட்டு, பையை எடுத்துட்டுக் கிளம்பிட்டாங்க."

"பச்சைச் சேலையா?"

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"மத்தியானம் ரோட்டுல ஒரு அம்மா டெர்மினல் எதுன்னு கேட்டாங்க. புது பஸ் ஸ்டாண்டுக்கு டெர்மினல்னுதானே பேரு, அதைக் கைகாட்டினேன்."

டீச்சர் குடையை எடுத்தாள்.

பாதி வழியில் ரோஸ்மலரின் போன் அடித்தது. ஐசியுவிலிருந்து. "அவர் போயிட்டார் சிஸ்டர். வீட்டாளுங்க யாரையும் காணோம்."

பஸ் ஸ்டாண்டில் கூரை ஒழுகியது. பெஞ்சு முழுக்க ஈரம். ஓரத்தில் அந்த அம்மா. மடியில் மடித்து வைத்த சட்டை.

"வாங்க சிஸ்டர்! நீங்க சொன்ன மாதிரியே வந்துட்டார்!" முகமெல்லாம் சிரிப்பு. "வெறுங்காலோட வந்து பக்கத்துல உக்காந்தார். குளிருதுன்னார். பையிலேர்ந்து சட்டையை எடுத்துட்டு நிமிர்றேன், ஆளைக் காணோம். டீ குடிக்கப் போயிருப்பார். ஒரு இடத்துல இருப்புக் கொள்ளாது அந்த மனுஷனுக்கு."

ரோஸ்மலர் பெஞ்சைப் பார்த்தாள். அந்த அம்மாவுக்குப் பக்கத்தில், ஒரு ஆள் உட்கார்ந்து எழுந்த அளவுக்கு மட்டும் ஈரமில்லை.

"எங்க ஊருக்கு எந்தப் பஸ்ஸு சிஸ்டர்?"

ரோஸ்மலர் டீச்சரின் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க சொல்லுங்க டீச்சர். எனக்கு ஒரு வார்த்தையும் வரலை."

"வராது" என்றாள் டீச்சர். "அவர் உக்காந்த இடத்துல போய் உக்காரு. அவங்க கையைப் பிடி. அப்பவும் ஏதாவது வார்த்தை மிஞ்சினா, அதைச் சொல்லு."