இரண்டு வாய்ப் பெட்டியும் ஒரு கல்யாணமும்

மாசிலாமணி சவுண்டு சர்வீஸில் மூன்று பேர். முதலாளி மாசிலாமணி, வயர் இழுக்க இசக்கியப்பன், ஒலிபெருக்கிக் குழாய் கட்டப் பலவேசம். மூன்று பேருக்கும் சேர்த்து ஒரு மூளை இருந்திருந்தால் தொழில் நன்றாகவே நடந்திருக்கும். ஆனால் தொழில் பக்தி அதிகம். குழாயில் வராத பேச்சு பேச்சே இல்லை என்பது கடை விதி. பக்கத்தில் நின்று கூப்பிட்டால் ஒருத்தனும் திரும்ப மாட்டான். மைக்கில் கூப்பிட வேண்டும்.

மாசிலாமணியின் தங்கை வடிவுக்கு நிச்சயம் நடந்தபோது மைக் செட்டு உறுமிய உறுமலில், மாப்பிள்ளையின் அப்பா சங்கிலி பேசியது யாருக்கும் கேட்கவில்லை. சங்கிலி நல்ல மனிதர்தான். ஆனால் தன் குரல்மேல் அவருக்குத் தீராத காதல்.

"கல்யாணத்தன்னைக்கு நான் பேசுதது நாலு தெருவுக்குக் கேக்கணும். கேக்கலையோ, தாலி ஏறாது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

தங்கை என்றால் மாசிலாமணிக்கு உயிர். அன்றிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

மெக்கானிக் மரியான் புது ஆம்ப்ளிஃபயர் பெட்டி ஒன்று செய்து கொடுத்தார். "இதுக்கு ரெண்டு வாய். மைக்கோட ரெண்டு வயரையும் வாய்க்கொண்ணா குடு. ரெண்டுலயும் ஒண்ணு போல வாறதை இது வெளிய விடாது, உறுமல் அப்படித்தான் ஒழியும். வித்தியாசத்தை மட்டும்தான் பெருசாக்கும். வாசல்ல கரண்டைத் தடுக்குத ரெசிஸ்டர் ரெண்டு போடணும். ரெண்டும் ஒரே அளவு, நல்ல பெருசா. இல்லேன்னா மைக்கு கொண்டாறதைப் பெட்டியே முழுங்கிரும்" என்று ஒரு பொட்டலத்தையும் கொடுத்தார்.

பொட்டலத்தில் நெல்மணி போல இரண்டும், கட்டைவிரல் தடிமனில் இரண்டும் இருந்தன.

"இந்த நெல்லுமணி எதைத் தடுக்கும் அண்ணாச்சி?" என்றான் இசக்கியப்பன்.

"தடியனைப் போடுலே" என்றான் மாசிலாமணி.

பலவேசம் தொண்டை கிழியக் கத்தினான். குழாயில் ஒரு கொசு பாடியது. மரியானுக்குப் போன் போட்டார்கள்.

"ஏலே, பெருசுன்னா உடம்புல இல்ல, தடுக்குத அளவுல, ஓம்ல. தடியன் பத்து ஓம். சின்னவன் பத்து லட்சம். தடியன் வாசலைத் தொறந்து போட்டுட்டுத் தூங்குவான்."

சின்னவனை மாட்டியதும் குரல் கணீரென்று வந்தது, உறுமல் போன இடம் தெரியவில்லை. அதோடு விட்டிருக்கலாம்.

கல்யாணத்தன்று காலையில் மாசிலாமணியின் மனசு கேட்கவில்லை. "ஒரு மைக்கைப் பிச்சு ரெண்டு வாய்க்கு ஊட்டுததா? தங்கச்சி கல்யாணத்துல இந்தக் கஞ்சத்தனம் ஆகாது" என்று வாய்க்கு ஒரு மைக்காக மாட்டினான்.

மணமேடையில் ஒரு மைக்கின் முன் சங்கிலி, இன்னொன்றின் முன் மாசிலாமணியின் அப்பா நயினார். சம்பந்திகள் இருவரும் ஒரே குரலில், "எல்லாரும் வாங்க, வாங்க" என்றார்கள். குழாய் கப்சிப். மறுபடியும் சேர்ந்தே சொன்னார்கள். மறுபடியும் கப்சிப். சங்கிலியின் முகம் சிவந்தது. மாப்பிள்ளையின் கையிலிருந்த தாலியை அவர் பார்த்த பார்வையில் வடிவுக்கு அழுகை முட்டியது.

பெட்டிக்குப் பின்னால் அவசர ஆலோசனை நடந்தது.

"பெட்டி மேல தப்பில்ல. ரெண்டு பேரும் ஒத்துமையா இருக்காவ. அதான் கோளாறு" என்றான் மாசிலாமணி.

"அப்போ வித்தியாசம் உண்டாக்கணும்" என்றான் பலவேசம்.

பலவேசம் சங்கிலியின் காதில், "உங்க ஆளுவ மூணு பந்தி தின்னும் எந்திரிக்கலைன்னு சம்பந்தி சொல்லுதாரு" என்றான். இசக்கியப்பன் நயினாரின் காதில், "பாயாசம் பாத்திரம் கழுவுன தண்ணியாம், சம்பந்தி சொல்லுதாரு" என்றான்.

"யாருவே தின்னுக்கெட்டவன்?" என்று சங்கிலி ஆரம்பித்தார். "நாக்கு செத்தவனுக்குப் பாயாசம் ஒரு கேடா?" என்றார் நயினார். ஒரு சொட்டு உறுமல் இல்லாமல் நாலு தெருவும் கேட்டது. தென்னைமரத்துக் குழாயிலிருந்து தன் குரல் வருவதைக் கேட்ட சங்கிலி பாதித் திட்டில் நின்றார். முகம் மலர்ந்தது.

"என்னமா கேக்கு! ஏலே, கட்டுலே தாலியை!"

தாலி ஏறியது. பிறகுதான் சம்பந்திகள் ஆற அமர விசாரித்தார்கள், யார் காதில் யார் ஓதியது என்று. விஷயம் தெரிந்ததும் இருவரும் மைக்குக்குத் திரும்பி வந்து, பெட்டிப் பக்கம் கையை நீட்டி, ஒரே மூச்சில், ஒரே வார்த்தைகளில், ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டித் தீர்த்தார்கள். குழாய் கப்சிப்.

மாசிலாமணிக்குக் கண் கலங்கிவிட்டது. "பெரிய மனுசங்கடே. இவ்வளவு நடந்தும் நம்மளை ஒரு வார்த்தை சொல்லல பாத்தியா?"

"வாய் அசையுதே அண்ணாச்சி?"

"ஆசீர்வாதம் பண்ணுதாங்கலே. விழு கால்ல."

மூன்று பேரும் போய் விழுந்தார்கள்.