முறையீட்டுக் கல்லில் நின்ற ராஜா

முன்னொரு காலத்தில், ஊர்ப் பெயர் மட்டும் கேட்காதீர்கள், உதயமாறன் என்று ஒரு ராஜா இருந்தான். அடுத்தவர் வழக்கென்றால் அவன் தீர்ப்பில் ஊசிமுனையளவு கோணல் இராது. தன் வீட்டு வழக்கு வந்ததே, அன்றைக்குப் பிடித்தது வினை!

அவனுக்கு ஒரே தம்பி, சேந்தன். தாயில்லாத அந்தப் பிள்ளையைத் தோளில் தூக்கி வளர்த்தவன் ராஜாதான். ஒருநாள் நிறைந்த சபையில் சேந்தன் அண்ணனை எதிர்த்துப் பேசிவிட்டான். "இவனை நாடு கடத்துகிறேன். நாளை உச்சிவேளைப் படகில் போகட்டும்!" என்றான் ராஜா. சொல்லிவிட்டானே தவிர, வாயில் வைத்த சோறு இறங்கவில்லை.

"எல்லோரும் எனக்குப் பிடித்ததையே சொல்கிறீர்கள்" என்று சபையில் சீறினான். "என் வீட்டை என்னளவு அறிந்தவன், ஆனால் என் வீட்டோடு ஒட்டும் உறவும் இல்லாதவன் ஒருவன் வேண்டும். நான் செய்தது சரியா என்று அவன் சொல்லட்டும்."

அப்படி ஒருவன் எந்த உலகத்தில் இருப்பான்? மந்திரி அம்பலக்கூத்தருக்கோ பழம் நழுவிப் பாலில் விழுந்தது. அரசவை விகடகவி பூச்சியப்பன் மேல் அவருக்கு நெடுநாள் எரிச்சல். "பூச்சியப்பனால் ஆகாதது உண்டா பிரபு? அவனே அழைத்து வரட்டும். தவறினால் அதே படகில் அவனும் ஏறட்டும்" என்றார். ராஜாவும் தலையாட்டிவிட்டான்.

மறுநாள் காலை பூச்சியப்பன் வெறுங்கையோடு வந்து நின்றான்.

"எங்கேயடா ஆள்?"

"இங்கேதான் இருக்கிறார் மகாராஜா. தாங்கள் கிரீடத்தை ஆசனத்தில் வைத்துவிட்டு, கீழே அந்தக் கல்லில் வந்து நிற்க வேண்டும். அவ்வளவுதான்."

அந்தச் சபையில் ஒரு வழக்கம் இருந்தது. முறையிட வருபவன் வாசலோரக் கல்லில் நின்று சொல்வான். அரியணைக்குக் கேட்கும்படி கட்டியக்காரன் அதை உரக்கத் திருப்பிச் சொல்வான். ராஜாவின் முகம் சிவந்தது. ஆனாலும் இறங்கி வந்து நின்றான்.

"என் தம்பி சபையில் என்னை எதிர்த்துப் பேசினான்."

கட்டியக்காரன் திரும்பிப் பூச்சியப்பனைப் பார்த்தான். "வழக்கப்படியே சொல்லப்பா" என்றான் பூச்சியப்பன்.

"இவன் தம்பி சபையில் இவனை எதிர்த்துப் பேசினானாம்!"

"என்ன பேசினான்?" என்று கேட்டான் பூச்சியப்பன்.

"திருவிழாவை நிறுத்திவிட்டு ஏரிக்கரையைப் பலப்படுத்துங்கள் என்று மழைக்கு முன்பே சொன்னேனே, கேட்டீர்களா என்றான்."

"கரை என்ன ஆயிற்று?"

ராஜாவின் குரல் இறங்கியது. "உடைந்தது. கீழூர் மூழ்கியது."

கட்டியக்காரன் மூச்சை இழுத்துக்கொண்டான். "தம்பி சொன்னபடியே கரை உடைந்து ஊர் மூழ்கியதாம்! சொன்ன தம்பியை நாடு கடத்துகிறானாம் இவன்!"



"இனி மேலே போய்த் தீர்ப்புச் சொல்லுங்கள் பிரபு" என்றான் பூச்சியப்பன்.

ராஜா ஏறி அமர்ந்தான். கிரீடத்தை மடியில் வைத்துக்கொண்டு, ஆளில்லாத அந்தக் கல்லையே வெகுநேரம் பார்த்தான்.

"அங்கே நின்றவனுக்குக் கோபம் இல்லை மந்திரி, வெட்கம்" என்றான். "கரை உடைந்தது தன்னால்தான் என்று அவனுக்குத் தெரியும். தம்பி முகத்தைப் பார்க்க முடியவில்லை. அதற்காகத் தம்பியையே துரத்துகிறான்."

"ஆனால் பூச்சியப்பன் ஆளைக் கொண்டுவரவில்லையே பிரபு!" என்றார் மந்திரி.

"பின்னே இப்போது பேசியது யாராம்?" என்று ராஜா சிரித்தான். கண்ணில் நீர் வழிய வழியச் சிரித்தான். முத்துமாலையைக் கழற்றிப் பூச்சியப்பனிடம் நீட்டினான்.

"அதைக் கட்டியக்காரனுக்குக் கொடுங்கள். பாவம், உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கத்தினான். உச்சிவேளை நெருங்குகிறது, தாங்கள் குதிரை ஏறினால் எனக்கு அதுவே போதும்" என்றான் பூச்சியப்பன்.

துறையில் சேந்தன் படகில் ஒரு கால் வைத்துவிட்டான். ராஜா குதிரையிலிருந்து குதித்து வெறுந்தலையோடு ஓடிவந்தான்.

"சேந்தா... ஒருத்தன் தப்புப் பண்ணிட்டானாம்."

"யாரு அண்ணா?"

"நான்தாண்டா" என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டான் ராஜா.