முள்ளை அடக்கிய சலங்கை

ஆற்றோரக் காட்டில் இருந்த சலங்கை என்ற முள்ளம்பன்றிக்கு உலகத்திலேயே பிடித்தது ஒன்றே ஒன்றுதான். பச்சைப் பாறையில் நடக்கும் காய் ஆட்டம். அவளுக்கு ஆடத் தெரியாது. பார்ப்பாள். பார்ப்பதில் அவளை மிஞ்ச அந்தக் காட்டில் ஆள் கிடையாது.

பச்சைப் பாறை நீளமானது, மட்டமானது. அதன்மேல் மெத்தென்று பாசி படர்ந்திருக்கும். ஓரங்களில் ஆறு குழிகள். நடுவே பதினைந்து சிவப்புக் காய்கள், ஒரு கருங்காய், ஒரு வெள்ளைக் காய். மூங்கில் குச்சியால் வெள்ளையைத் தட்ட வேண்டும். வெள்ளை போய் ஒரு சிவப்பை இடித்துக் குழியில் தள்ள வேண்டும். அடுத்தது கருப்பு. விழுந்த கருப்பை எடுத்து மறுபடி பாறையில் வைப்பார்கள். மறுபடி ஒரு சிவப்பு, மறுபடி கருப்பு. ஒரு தட்டு தப்பினாலும் குச்சி எதிராளி கைக்குப் போய்விடும். கேட்பதற்கு எளிதாக இருக்கிறதா? தட்டிப் பாருங்கள், தெரியும் சேதி!

எதிராளிக்கு ஒரு வாய்ப்பும் தராமல் கடைசிக் கருப்பு வரை ஒரே மூச்சில் முடித்தால் அதற்கு முழுத் துடைப்பு என்று பெயர். அப்படி முடித்தவர் அதுவரை யாரும் இல்லை.

ஆட்டத்துக்கு ஒரு பழக்கம் உண்டு. ஆடுபவன் குச்சியோடு குனிந்துவிட்டால் பார்ப்பவர்கள் மூச்சுக்கூட விடக் கூடாது. தும்மல் வந்தால் மூக்கைப் பொத்திக்கொள்ள வேண்டும். கொசு கடித்தால் கடிக்கட்டும் என்று இருக்க வேண்டும். சத்தம் போடுவதைப்போல ஒரு கேவலம் அந்தக் காட்டில் வேறில்லை. மதிப்பெண் சொல்லும் தலைவரின் குரலுக்கு மட்டும் விலக்கு.

சலங்கையின் பாடுதான் பெரும்பாடு. லேசாக அசைந்தாலும் அவள் வால் முட்கள் கலகலக்கும். அந்தப் பெயரே அதனால் வந்ததுதான். ஆட்டம் தொடங்கியதும் வாலை மடக்கி அதன்மேலேயே உட்கார்ந்துகொள்வாள். வால் மரத்துப்போகும். ஆனாலும் ஒன்பது வருஷத்தில் ஒரு தடவைகூட அவள் முள் சத்தம் போட்டதில்லை. அதில் அவளுக்குக் கொள்ளைப் பெருமை!

அவள் பக்கத்தில் எப்போதும் குண்டான் என்ற ஆமை உட்கார்ந்திருப்பான். தன் குட்டையிலிருந்து பாறைக்கு வர அவனுக்கு நான்கு நாள் ஆகும். இருந்தாலும் எல்லாரையும் முந்திக்கொண்டு வந்து இடம் பிடித்துவிடுவான். ஒன்பது வருஷமும் இரண்டு பேருக்கும் அடுத்தடுத்த இடம்தான். இதைவிட நெருக்கமான சிநேகிதம் அவர்கள் இருவருக்குமே வேறு கிடையாது.

ஆட்டத்துக்குத் தலைவர் முகட்டார் என்ற வரையாடு. மலை உச்சியில் பிறந்தவர். நெட்டைக் கொம்பு, நிமிர்ந்த நடை. உள்ளதைச் சொல்ல வேண்டும், அவர் வருவதற்கு முன்னால் அந்தப் பாறை சீந்துவாரில்லாமல் கிடந்தது. மான்கள் பாசியை மேய்ந்தன. குரங்குகள் காயைத் தூக்கிக்கொண்டு ஓடின. முகட்டார் வந்தார், முள்வேலி போட்டார், பத்துப் பேர் பார்த்த ஆட்டத்தை இருநூறு பேர் பார்க்கும்படி செய்தார்.

ஆனாலும் ஆட்டம் முடிந்தால் நாவல் மரத்தடியில் ரசிகர்களுக்குள் தினமும் அடிதடிதான்.

"முகட்டார் வந்தப்புறம்தான் இந்த ஆட்டத்துக்கே ஒரு மவுசு!" என்று குதிப்பான் செவியன் என்ற முயல். "அவரைக் குறை சொல்றவன் வாயில மண்ணு!"

"மவுசு வந்துச்சு, யாரு இல்லேன்னா?" என்பான் குண்டான். "முன்வரிசையைத் தூக்கிப் பருந்துக்கும் கொக்குக்கும் குடுத்தாரே, நம்மகிட்ட ஒரு வார்த்தை கேட்டாரா?"

"எல்லார்கிட்டயும் கேட்டுக்கிட்டே இருந்தா அவரு என்னத்துக்குத் தலைவரு?"

"கேக்காம செய்யறதுக்கு அவரு என்னத்துக்கு? ஒரு கொம்பை நட்டு வச்சாப் போதாதா?"

சலங்கை மட்டும் எந்தப் பக்கமும் சேரமாட்டாள். "ஆட்டம் நடக்குதில்ல, அது போதும். எதுக்கு வீண் சண்டை!" என்று எழுந்து போய்விடுவாள்.

அந்த வருஷம் ஒரு பேச்சு அடிபட்டது. மலை உச்சிக்குக் கார்த்திகையில் வடக்கிலிருந்து பறவைகள் ஆயிரக்கணக்கில் வந்து இறங்கும். ஆட்டத்தை அங்கே கொண்டுபோனால் இருநூறு பேருக்குப் பதில் பத்தாயிரம் பேர் பார்ப்பார்களாம். முகட்டார் அதற்கு அடிபோடுகிறாராம்.

குண்டானுக்கு அன்று இரை இறங்கவில்லை. "சலங்கை, மலைக்குக் கொண்டுபோயிட்டா நான் எப்படி வருவேன்? ஒரு வேர் குறுக்கே கெடந்தாலே எனக்கு மூச்சு வாங்குது!"

"பயப்படாதே! எந்த ஏற்பாட்டையும் பாறை பக்கத்துல வச்சுத்தானே அறிவிக்கணும்? மறுப்பு இருந்தா அந்த ஆட்டம் முடியறதுக்குள்ள சொல்லலாம்னு விதி இருக்குல்ல? ஒரே ஒரு மறுப்பு வந்தாலும் நிறுத்தித்தான் ஆகணும்!"

"என் குரல் எனக்கே கேக்காது. நீதான் சொல்லணும். உன் முள்ளை ஒரு உலுக்கு உலுக்கினாக் காடே திரும்பிப் பாக்கும்."

"சொல்றேன் குண்டா. சத்தியமாச் சொல்றேன்!"

கடைசி நாள் ஆட்டம் வந்தது. துடுப்பன் என்ற நீர்நாய் குச்சியைப் பிடித்தான். அன்று அவன் கையில் என்ன புகுந்ததோ! சிவப்பு விழுந்தது. கருப்பு விழுந்தது. சிவப்பு, கருப்பு, சிவப்பு, கருப்பு. பத்தாவது சிவப்பும் விழுந்தபோது கூட்டம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டது. பதினைந்தாவது விழுந்தபோது பார்ப்பதற்கே பயமாக இருந்தது. மீந்தது ஒரே ஒரு கருப்பு. அதுவும் போனால் முழுத் துடைப்பு!

துடுப்பன் குனிந்தான். இருநூறு பேரும் மூச்சை அடக்கினார்கள்.

அந்த நேரம் பார்த்து முகட்டார் மதிப்பெண்ணைச் சொன்னார். சொன்ன அதே குரலில் மேலும் சொன்னார்: "அடுத்த பருவத்திலிருந்து ஆட்டம் மலை உச்சியில் நடக்கும். மறுப்பு உள்ளவர்கள் இந்த ஆட்டம் முடிவதற்குள் சொல்லலாம்."

சலங்கைக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆட்டம் முடிய இன்னும் ஒரு தட்டுதான் பாக்கி! துடுப்பனோ குச்சியை முன்னும் பின்னும் இழுத்துக் குறி பார்த்துக்கொண்டிருந்தான். அவன் காதில் எதுவும் விழுந்ததாகத் தெரியவில்லை. அவன் மீசை மட்டும் நடுங்கியது.

அவள் வாலைக் கொஞ்சம் தூக்கினாள். ஒரு உலுக்கல் போதும். ஆனால் அந்த ஒரு உலுக்கலில் துடுப்பன் கை பிசகும். யாருமே தொடாததைத் தொடப்போகிறவனை நானா கெடுப்பது? இத்தனை வருஷம் காத்த மரியாதையை இன்றா விடுவது?

பக்கத்தில் திரும்பினாள். குண்டான் கழுத்தை முழுக்க நீட்டி அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். பாறையில் ஆட்டம் நடக்கும்போது அவன் கண் வேறு பக்கம் திரும்பி அவள் பார்த்ததே இல்லை.

'இந்த ஒரு தட்டு போகட்டும். காய் விழுந்த மறு நொடி சொல்லிவிடலாம்' என்று நினைத்தாள். வாலை மறுபடி அமுக்கிக்கொண்டாள்.

குச்சி தட்டியது. வெள்ளை உருண்டது. கருப்பு ஒரு மூலைக் குழியை நோக்கி நேராகப் போய் உள்ளே விழுந்தது.

காடே அதிர்ந்தது! செவியன் ஆகாயத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தான். பருந்துகள் வட்டமடித்துக் கத்தின. "மறுப்பு! மறுப்பு!" என்று சலங்கை தொண்டை கிழியக் கத்தினாள். முள் அத்தனையும் கலகலவென்று உலுக்கினாள். அதுவும் வாழ்த்துச் சத்தம்தான் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள்.

கூட்டத்தைப் பிளந்துகொண்டு முகட்டார் முன்னால் போய் நின்றாள். "ஐயா, எனக்கு மறுப்பு இருக்கு!"

"ஆட்டம் முடிந்துவிட்டதே அம்மா" என்றார் முகட்டார். கோபமாகச் சொல்லவில்லை. பிரியமாகவே சொன்னார். "ஒரு சத்தமும் வரவில்லை. எல்லாருக்கும் இஷ்டம் என்று முடிவாகிவிட்டது."

ஆற்றில் குதித்துக் கொண்டாடிக்கொண்டிருந்த துடுப்பன் சேதி கேட்டு நனைந்த உடம்போடு ஓடிவந்தான். "என்னக்கா இது! முள்ளை ஆட்டியிருக்கலாமே!"

"உன் முழுத் துடைப்பு கெட்டிருக்குமேடா!"

"கெட்டா என்னக்கா? அடுத்த வருஷம் இதே பாறையில இன்னொரு தடவை போட்டுப் பாத்திருப்பேன். இப்ப பாறையே போச்சே!"



பாறையின் பாசியை உரித்துச் சுருட்டி மலைக்குக் கொண்டுபோனார்கள். காய்களும் குச்சிகளும் போயின. உச்சியில் இருந்த ஒரு மொட்டைப் பாறையில் அதே பாசியை விரித்தார்கள்.

"நீயாவது போய்ப் பாத்துட்டு வா" என்று குண்டான் சொன்னான். அவள் போனாள். மூன்று நாள் ஏறினாள். கால் நகமெல்லாம் பெயர்ந்தது.

உச்சியில் பத்தாயிரம் பறவைகள் இருந்தன என்பது உண்மைதான். ரெக்கைகளுக்குப் பின்னால் நின்ற சலங்கைக்குப் பாறை தெரியவில்லை. இடுக்கு வழியாகத் துடுப்பன் மட்டும் கொஞ்சம் தெரிந்தான். ஆற்றிலேயே கிடந்தவன்! இங்கே நனைய ஒரு கை தண்ணீர் கிடையாது. உள்ளங்கை வெடித்திருந்தது. வெயிலில் பாசி காய்ந்து பொருக்குப் பொருக்காக எழும்பியிருந்தது.

அவன் குனிந்தான். பறவைகள் கீச்சுக்கீச்சென்று பேசிக்கொண்டே இருந்தன.

"உஷ்! குனிஞ்சிட்டான், பேசாதீங்க!" என்று சலங்கை பதறினாள்.

"நீ எந்த ஊரு?" என்று ஒரு பறவை சிரித்தது. "இங்க எல்லாரும் பேசலாம்! சத்தம் இருந்தாத்தான் ஆட்டம் களைகட்டும்னு தலைவரே சொல்லிட்டாரு!"

துடுப்பனின் முதல் தட்டே தப்பியது. அடுத்த தட்டில் காய் பாசிப் பொருக்கில் ஏறித் தாண்டி எங்கோ விழுந்தது. அவன் குச்சியை மெல்லக் கீழே வைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் சரிவில் இறங்கிப் போனான். பறவைகள் அதைக் கவனிக்கவே இல்லை.

சலங்கை முகட்டாரிடம் போனாள். "ஐயா, வேண்டாம். ஆட்டத்தைக் கீழேயே கொண்டுவந்திடுங்க. அது செத்துக்கிட்டிருக்கு!"

முகட்டார் குனிந்தார். காய்ந்த பாசியைக் குளம்பால் தடவிப் பார்த்தார். "அன்றைக்கு ஒரே ஒரு முள் சத்தம் கேட்டிருந்தால்கூட நிறுத்தியிருப்பேன் அம்மா" என்றார்.

அவர் அதை மனசாரச் சொன்னாரா, வாய்க்கு வந்ததைச் சொன்னாரா என்று அவளுக்குக் கடைசி வரை தெரியவில்லை. அதுதான் அவளை அறுத்தது.

பங்குனியில் காற்று திசை மாறியது. பறவைகள் ஒன்றுவிடாமல் வடக்கே பறந்துவிட்டன. பாசி தூளாகிக் காற்றில் போனது. துடுப்பன் ஆற்றோடு எங்கோ போனவன்தான், குச்சியைப் பிறகு தொடவில்லை என்று சொன்னார்கள்.

சலங்கை இறங்கி வந்தாள். மலையடிவாரத்தில், முதல் சரிவின் தொடக்கத்தில், ஒரு பாறையிடுக்கில் குண்டான் நின்றுகொண்டிருந்தான். ஓட்டின் விளிம்பெல்லாம் சிராய்ப்பு.

"வந்துட்டியா! நானும் கிளம்பிட்டேன் சலங்கை, மனசு கேக்கல. பாதி வழி வந்துட்டேன் பாத்தியா!" என்றான் இளைக்க இளைக்க. "ஆட்டம் முடிஞ்சிடுச்சா?"

அவன் வந்தது பாதியல்ல, கையகலம். அதைச் சொல்ல அவளால் முடியவில்லை. "முடிஞ்சிடுச்சு குண்டா."

"சரி, போகுது. இப்படியே ஏறிக்கிட்டே இருந்தா அடுத்த வருஷ ஆட்டத்துக்குப் போய்ச் சேந்துடுவேன்ல?"

"அங்க இனிமே ஆட்டம் இல்ல. கீழயும் இல்ல. எங்கயுமே இல்ல."

குண்டான் அவளைப் பார்த்தான். "அன்னைக்கு நீ..." என்று தொடங்கினான்.  தலையை உள்ளே இழுத்துக்கொண்டான். பிறகு கால்களையும் இழுத்துக்கொண்டான்.

"குண்டா! ஏதாவது சொல்லுடா! திட்டவாவது செய்!" என்று ஓட்டைத் தட்டித் தட்டி அழுதாள் சலங்கை. அன்று பொழுது சாயும்வரை அழுதாள். மறுநாளும் வந்து அழுதாள். உள்ளேயிருந்து ஒரு பதிலும் வரவில்லை.

நேசிக்கும் ஒன்றுக்கு மரியாதை என்று நினைத்து வாயை மூடிக்கொள்பவர்களின் மௌனத்தை மேலே இருப்பவர்கள் தங்களுக்குக் கிடைத்த அனுமதியாகவே எடுத்துக்கொள்வார்கள். ஆகவே பேச வேண்டிய நொடியில், ஆட்டமே கெட்டாலும் சரி என்று பேசிவிட வேண்டும்.