அறுபத்தைந்தாவது கலை

வேங்கைக்குறிச்சிக் கல்விச்சாலை வாசலில் பல்லக்கை நிறுத்தச் சொல்லி, இறங்காமலே சவால் விட்டார் கலாசாகரப் பண்டிதர்.

"அறுபத்து நான்கு கலையும் எனக்கு அத்துப்படி. நான் கற்காத கலை ஒன்றைக் காட்டுங்கள். முடியாவிட்டால் உங்கள் சுவடிகள் அத்தனையும் பின்னால் வரும் என் வண்டியில் ஏறவேண்டும்."

ஆசிரியர்கள் வீணை என்றார்கள், வைத்தியம் என்றார்கள், யானை பழக்குவது என்றார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு சூத்திரத்தை ஒப்பித்து அவர்கள் வாயை அடைத்தார் பண்டிதர். வேறு வழியில்லாமல் சுவடிக் கட்டுகள் வெளியே வரத் தொடங்கின.

பல்லக்கின் முன்கொம்பைச் சுமந்து நின்ற சடையனுக்கு, ஏழு ஊராக இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்திருந்தது.

"சாமி, பல்லக்குத் தூக்குறதும் கலைதானே?"

"அதில் கற்க என்னடா இருக்கிறது? தோள் இருந்தால் எந்த மடையனும் தூக்குவான்."

"அப்ப என் இடத்துல நின்னு குளத்தங்கரை வரைக்கும் தூக்கிக் காட்டுங்க. கலை இல்லைன்னு ஒத்துக்கிறேன்."

ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. பண்டிதர் இறங்கினார். காலிப் பல்லக்கைத் தூக்கினால் சோதனை ஆகாது என்று சொல்லி, சடையன் உள்ளே ஏறிச் சாய்ந்துகொண்டான்.

பல்லக்குத் தூக்கும் மற்ற மூவரும் அது ஆடாதபடி ஒருவர் அடிக்கு ஒருவர் கால் மாற்றி வைத்து நடந்தார்கள். பண்டிதர் தன் போக்கில் நடந்தார். பத்தாவது அடியில் பல்லக்கு தொட்டிலாக ஆடியது. அவருக்கு முழங்கால் மடிந்தது.

"கலைதான், கலைதான். எனக்குத் தெரியாத கலைதான்" என்றார், மூச்சு வாங்கியபடி.

சுவடிகள் உள்ளே திரும்பின. சடையன் மட்டும் இறங்கவில்லை.

"பாடத்தைப் பாதியில விடக்கூடாது சாமி. குளம் வரைக்கும் போயிருவோம்."